கரடியின் கடவுச்சொல்

மூன்றாவது மாடியில் ஒரு குரு இருந்தாள். அங்கே நல்ல ஏசியும் இருந்தது. அதனால் சீடர்களுக்குப் பஞ்சமில்லை.

குருவின் பெயர் நிலோஃபர். ஆம்பூர்ப் பெண். இருபத்தைந்து வயது இருக்கும். சாலிகிராமத்தில் கிளிமொழி டப்பிங் ஸ்டுடியோவின் கம்ப்யூட்டர், வயர், வைஃபை எல்லாம் அவள் பொறுப்பு. யார் வந்து எந்தத் துன்பத்தைச் சொன்னாலும், "ஆஃப் பண்ணி ஆன் பண்ணினீங்களா?" என்று கேட்பாள். பாதிப் பேருக்கு அதிலேயே ஞானம் வந்துவிடும். மீதிப் பேர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார்கள்.

சீடர்களில் மூத்தவர் தணிகைமலை. குருவைப் போல இரண்டு மடங்கு வயது. "குருவே" என்று முதலில் கூப்பிட்டது அவர்தான். கிண்டலுக்குத்தான் கூப்பிட்டார். பிறகு ஸ்டுடியோ முழுக்க அதுவே அவள் பெயராகிவிட்டது.

தணிகைமலைக்கு வராத குரல் இல்லை. வில்லன் வரும். கிழவி வரும். கைக்குழந்தை வரும். பிரஷர் குக்கர் வரும், விசிலோடு. ஒருமுறை லிஃப்ட் பேசுவது போல "கதவு மூடுகிறது" என்றார். உள்ளே நின்ற தயாரிப்பாளர் பதறிக் கையை இழுத்துக்கொண்டார். கதவு அசையவே இல்லை.

வீட்டில் மட்டும் ஒரு புகார் இருந்தது.

"தினம் ஒருத்தன் வீட்டுக்கு வர்றான். நான் கட்டிக்கிட்டவன் இதுல எவன்னு தெரியல" என்பாள் மனைவி.

அதற்கும் அவர் அவள் குரலிலேயே பதில் சொல்வார்.

ஆனால் ஊருக்கு அவரைத் தெரிந்தது ஒரே ஒரு குரலில்தான். பனிமலைக் கரடித் தாத்தா. குழந்தைகள் பார்க்கும் கார்ட்டூன் தொடர். நாலு வருஷமாகத் தமிழ்க் கரடி தணிகைதான். இப்போது தொடர் முடியப் போகிறது. கடைசிக் கதையில் கரடித் தாத்தா எல்லாரிடமும் விடைபெற்றுக்கொண்டு மலைக்குள் போகிறார்.

அந்த விடையைத் தன் வாயால் சொல்லிவிட வேண்டும். தணிகைக்கு வேறு ஆசை இல்லை.

இந்த நேரம் பார்த்து ஒரு புது உத்தரவு வந்தது.

வேறு ஏதோ ஊரில், வேறு ஏதோ ஸ்டுடியோவில், ஒரு கதை வெளியாகும் முன்பே திருட்டுத்தனமாக வெளியே போய்விட்டதாம். தொடரின் சொந்தக்காரர்கள் கொதித்துப் போனார்கள். இனிமேல் படமும் வசனமும் ஸ்டுடியோவின் புது வைஃபைக்குள் மட்டும்தான் திறக்கும். அவரவர் போனில், அவரவர் பெயரில், அவரவர் பாஸ்வேர்டில். யார் பெயரில் கதை வெளியே போகிறதோ, அவர் குரல் தொடரில் இருக்காது. திங்கட்கிழமைக்குள் யார் போன் இணையவில்லையோ, அவருக்குப் பதிலாக வேறு ஆள் பேசுவார்.

அந்த வேறு ஆளும் தயாராக இருந்தார். மணவாளன். தொடரில் நரிக்குப் பேசுகிறவர். தணிகையின் கரடியைக் கேட்டுக் கேட்டுப் பழகியவர். மணவாளன் பேசினால் கரடிக்குக் கொஞ்சம் சளி பிடித்த மாதிரி இருக்கும். வித்தியாசம் அவ்வளவுதான்.

"முன்னாடி இருந்த வைஃபைக்கு என்ன குறைச்சல்?" என்று தணிகை கேன்டீனில் பொங்கினார்.

குறைச்சல் ஒன்றும் இல்லை. அதன் பாஸ்வேர்ட் கேன்டீன் சுவரில், "இன்று எலுமிச்சை சாதம்" என்ற பலகைக்குக் கீழே எழுதியிருந்தது. ஸ்டுடியோவுக்குத் தெரிந்தது, இஸ்திரிக்காரருக்கும் தெரிந்தது, எதிர்வீட்டு மாமிக்கும் தெரிந்தது. மாமி அதில்தான் சீரியல் பார்த்தார்.

இரண்டு நாளாகத் தணிகையின் போன் புது வைஃபையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. உள்ளே விடவே இல்லை.

வியாழக்கிழமை காலையில் மூன்றாவது மாடியில் இன்டர்காம் அடித்தது.

"நிலோஃபர்?"

மேனேஜர் சடகோபனின் குரல். மூக்கு, இழுவை, நடுவில் வரும் செருமல், எல்லாம் அச்சு அசல்.

"சொல்லுங்க சார்."

"நம்ம தணிகைக்கு இந்த வைஃபை கனெக்ட் ஆக மாட்டேங்குதாம். பாவம், நல்ல மனுஷன். என் பேரு, என் பாஸ்வேர்டைப் போட்டு உள்ள விட்டுடும்மா. ப்ளீஸ்."

"சரி சார். ஒரே ஒரு கேள்வி. நேத்து சாயந்திரம் என்கிட்ட ஒண்ணு கேட்டீங்களே, அது என்ன சார்?"

ஒரு செருமல் வந்தது. இன்னொரு செருமல் வந்தது. பிறகு கரடி ஒன்று உறுமிவிட்டுப் போனை வைத்தது.

கொஞ்ச நேரத்தில் தணிகை மூச்சு வாங்கிக்கொண்டு மேலே வந்தார்.

"எங்க பிசகிச்சு குருவே? மூக்கா?"

"மூக்கு பிரமாதம் சார்."

"பின்ன?"

"மேனேஜர் ப்ளீஸ் சொல்ல மாட்டார்."

தணிகை நெற்றியில் அடித்துக்கொண்டார். "அதை வச்சுத்தான் மடக்கினியா?"

"இல்ல. பாஸ்வேர்டைப் பத்தி யார் பேசினாலும் ஒரு கேள்வி கேப்பேன். மேனேஜரே பேசினாலும் கேப்பேன்."

"நேத்து அப்படி என்னதான் கேட்டார் அந்த ஆளு?"

"அதைச் சொல்லிட்டா நாளைக்கு மறுபடி போன் பண்ணுவீங்க. போனைக் காட்டுங்க."

போனைக் கொடுத்தார். புது வைஃபையின் படிவம் திறந்திருந்தது. "அடையாளம்" என்ற இடத்தில் தணிகை தன் கையாலேயே நிரப்பியிருந்தார்.

கரடி.

குரு அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இது என்ன சார்?"

"அடையாளம்னு கேட்டுது. வாட்ச்மேன் 'வணக்கம் கரடி சார்'ங்கிறான். கேன்டீன்ல 'கரடிக்கு ஒரு டீ'ங்கிறான். ரெக்கார்டிங் ரூம் கதவுல கூட கரடின்னுதான் ஒட்டுறாங்க. வேற என்ன அடையாளம் எனக்கு?"

"ஏத்துக்கலையா?"

"ஏத்துக்கல. சரி, ரொம்பப் பெரிய மிருகமா இருக்கேன்னு பாட்டின்னு போட்டேன். வில்லன்னு போட்டேன். போன வருஷம் ஒரு போலீஸ் நாய்க்குப் பேசினேனே, அதையும் போட்டுப் பார்த்தேன்."

"போலீஸ் நாயைக் கூடவா விடல?"

"நாயைக் கூட விடல குருவே!"

குரு சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கக் கீபோர்டைத் துடைத்தாள்.

"நீங்க யாரு சார்?"

"ஆகா! குருன்னு ஆயிட்டா இந்தக் கேள்வியைக் கேட்டே தீரணுமா?"

"நான் கேக்கல. சர்வர் கேக்குது."

"தணிகைமலை."

"அதைப் போடுங்க."

அவர் ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப் போட்டார். ரொம்ப நாளாக உடுத்தாத வேட்டியை மடிப்புப் பிரித்துப் பார்ப்பது போல இருந்தது. பாஸ்வேர்டையும் போட்டார். போன் யோசித்தது. திரையில் ஒரு கேள்வி வந்தது.

இந்தச் சான்றிதழை நம்பவா?

கேள்வி முடிவதற்குள் தணிகையின் கட்டைவிரல் "நம்பு" என்பதை அமுக்கிவிட்டது.

இணைந்தது. கரடித் தாத்தா பனியில் நடந்து வந்தார். தணிகை நாற்காலியிலேயே ஒரு குதி குதித்தார்.

"குருவே, நீ நல்லா இருப்பே! உன் குலம் தழைக்கும்! உன் ஏசி ரிப்பேரே ஆகாது!"

ஆசீர்வாதம் முடிந்து எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார்.

"ஒரு சந்தேகம்."

"கேளுங்க."

"நான் யாருன்னு அது கேக்குது. நியாயம். வீட்டுக்காரன் கேப்பான். ஆனா 'என்னை நம்புறியா'ன்னு என்கிட்ட எதுக்குக் கேக்குது? காதலியா அது?"

குரு எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். நேர் கீழே டீக்கடை தெரிந்தது.

"ஒரு டீ குடிச்சுட்டு வாங்க சார். கீழ வரைக்கும் சிக்னல் வரும். குடிச்சுக்கிட்டே வசனத்தைப் படிங்க."

தணிகை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார். போனை எடுத்தார். கிளிமொழி என்ற பெயர் முழு சிக்னலோடு நின்றது. தொட்டார். ஏதோ பொடி எழுத்து, அதன் கீழே மறுபடி "நம்பவா?". மறுபடி "நம்பு". மறுபடி பெயரும் பாஸ்வேர்டும் கேட்டது.

"இப்பத்தானே சொன்னேன். அதுக்குள்ள மறந்துட்டியா?" என்று வாத்தியார் குரலில் அதட்டிவிட்டு மறுபடியும் கொடுத்தார். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கரடி வரவில்லை. டீயைக் குடித்துவிட்டு மேலே வந்தார்.

"கீழ திறக்கல குருவே."

"பரவால்ல சார். அம்சவல்லி அக்கா சௌக்கியமா?"

"சௌக்கியமா இருக்கா. முட்டி வலிதான் கொஞ்சம்..." என்றவர் நிறுத்தினார். "என் வீட்டுக்காரி பேரு உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்கதான் சொன்னீங்க."

"எப்ப?"

"இப்பத்தான். டீக்கடையில."

"டீக்கடையில நான் யார்கிட்டயும் வாயே திறக்கல பாப்பா."

"திறந்தீங்க சார். கிளிமொழின்னு ஒருத்தன் வந்து கேட்டான். நீங்க நம்பி, பேரு, பாஸ்வேர்ட் ரெண்டையும் சொல்லிட்டீங்க. பாஸ்வேர்டே அக்கா பேருதானே, கல்யாண வருஷத்தோட."

அவள் ஜன்னல் திரையை விலக்கினாள். விளிம்பில் பழைய ரௌட்டர் ஒன்று பச்சைக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"அதுக்கும் கிளிமொழின்னு பேர் வச்சேன். பேர் வைக்க யார்கிட்டயும் அனுமதி கேக்க வேண்டியதில்ல."

தணிகையின் முகம் சிவந்தது.

"இது ஏமாத்து வேலை இல்லையா?"

"ஏமாத்து வேலைதான் சார். காலையில மேனேஜரும் போன் பண்ணினார்."

தணிகை செருமினார். மேனேஜரின் செருமலே வந்துவிட்டது. வெட்கப்பட்டு நிறுத்தினார்.

குரு ரௌட்டரின் வயரைப் பிடுங்கினாள். பச்சைக் கண் மூடியது.

தணிகை ரௌட்டரைப் பார்த்துக் கேட்டார். "இதே ஒரு திருடன் வச்சிருந்தா?"

"உங்க பேருல உள்ள வந்து கரடியை எடுத்துட்டுப் போயிருப்பான். ஊருக்கு முன்னாடியே போட்டுக் காட்டியிருப்பான். 'யார் கொடுத்தா'ன்னு பார்த்தா தணிகைமலைன்னு இருக்கும்."

"பேரு ஒண்ணு. கேக்குறதும் ஒரே மாதிரி கேக்குது. நான் எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?"

"காலையில நான் எப்படிக் கண்டுபிடிச்சேன்?"

"நீ ஒரு கேள்வி கேட்ட."

"நீங்களும் கேளுங்க."

"வைஃபைகிட்டயா?"

குரு அவர் போனை வாங்கி, நிஜக் கிளிமொழியோடு மறுபடி இணைக்கப் போனாள். அதே கேள்வி வந்தது. "நம்பு"க்கு மேலே பொடி எழுத்தில் "விவரம்" என்று ஒன்று இருந்தது. தொட்டாள். யார் கொடுத்த சான்றிதழ் என்று ஒரு வரி வந்தது.

"இந்த வரியைப் படிங்க சார்."

கரடி குரலில் படித்தார். பிறகு பாட்டி குரலில் படித்தார். வில்லனாக ஒருமுறை மிரட்டியும் பார்த்தார். வரி மனதில் பதிந்துவிட்டது.

"இதையே ஒருத்தன் அப்படியே எழுதி வச்சுக்கிட்டா?"

"உங்க போன் அவனை ஒத்துக்காது. 'அன்னைக்குப் பார்த்தது இது இல்ல, சான்றிதழ் மாறியிருக்கு'ன்னு சொல்லும். அது சொல்றப்ப காது கொடுக்கணும். கட்டைவிரலைக் கொடுக்கக் கூடாது."

"சரி. இப்ப பாஸ்வேர்டை மாத்தணுமா?"

"மாத்தணும். இப்பவே."

அவர் தட்டத் தொடங்கினார். குரு நாற்காலியைச் சுழற்றிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

"என்ன போட்டேன்னு கேக்க மாட்டியா?"

"கேட்டா சொல்லாதீங்க."

"நீ கேட்டாலுமா?"

"கேக்குறது நான்தான்னு எப்படித் தெரியும்?"

தணிகை போனைச் சட்டைப் பைக்குள் பத்திரமாகப் போட்டார். வணக்கம் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

திங்கட்கிழமை வந்தது. ரெக்கார்டிங் தொடங்க இன்னும் நேரம் இருந்தது. டீக்கடை பெஞ்சில் பனிமலையே உட்கார்ந்திருந்தது. முயலுக்குப் பேசும் சுசீந்திரா, கழுகுக்குப் பேசும் எட்வின், நரி மணவாளன், நடுவில் கரடி. கடைசிக் கதையின் வசனம் அப்போதுதான் வந்திருந்தது. எல்லாருக்கும் ஆவல். எல்லார் கையிலும் போன்.

தணிகையும் போனைத் தொட்டார். திரையில் வந்தது:

இந்த நெட்வொர்க்கின் சான்றிதழ் மாறியிருக்கிறது. நம்பவா?

கட்டைவிரல் பழக்கத்தில் கீழே இறங்கியது. பாதி வழியில் நின்றது. மேலே போய் "விவரம்" என்பதைத் தொட்டது.

அந்த வரி இல்லை. வேறு ஏதோ ஒரு பெயர் இருந்தது.

தணிகைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்றாவது மாடிக்குப் போன் போட்டார்.

"குருவே, இன்னைக்கும் பரீட்சையா? இந்தத் தடவை நான் பாஸ்."

"என்ன பரீட்சை சார்?"

"டீக்கடைக்கு இன்னொரு கிளிமொழியை அனுப்பியிருக்கியே."

"பழைய ரௌட்டர் என் பீரோவுல பூட்டிக் கிடக்கு."

தணிகையின் சிரிப்பு நின்றது.

"அப்ப இது?"

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"சார், நீங்க சொல்றது நிஜமா இருந்தா எல்லாரோட கணக்கையும் நான் உடனே மூடணும். மூடினா ரெக்கார்டிங் நிக்கும். இது உங்க விளையாட்டா இருந்தா என் வேலை போயிடும். பேசுறது தணிகை சார்தானா?"

"நான்தாம்மா! தணிகைமலைம்மா!"

"அன்னைக்கு மேனேஜரும் இப்படித்தான் சொன்னார்."

அவர் வாழ்நாளில் முதல்முறையாக, தன் குரல் தன்னுடையதுதான் என்று நிரூபிக்க வழி தெரியாமல் நின்றார். இத்தனை வருஷம் எல்லாருடைய குரலையும் எடுத்துக்கொண்டவர். இப்போது தன் குரலை ஒருவரும் எடுத்துக்கொள்ளவில்லை.

"சார், உங்க பாஸ்வேர்ட் என்ன?" என்றாள் குரு.

தணிகை வாயைத் திறந்தார். மூடினார்.

"சொல்ல மாட்டேன்."

"நான் நிலோஃபர்தான் சார் கேக்குறேன்."

"நீயே கேட்டாலும் சொல்ல மாட்டேன்."

"நீங்கதான் சார்!" குரல் வேகமெடுத்தது. "அங்க வேற யார் கைல போன் இருக்கு?"

திரும்பிப் பார்த்தார். முயலின் விரல் திரைமேல் இருந்தது. கழுகு கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்க சார். எப்படியாவது."

விளக்கிச் சொல்ல நேரம் இல்லை. தணிகை மூக்கைச் சுருக்கினார். செருமினார்.

"என்னய்யா நடக்குது இங்க? போனைக் கீழ வைங்க எல்லாரும்!"

மேனேஜர் சடகோபன் நடுத்தெருவில் கர்ஜித்தார். முயலின் போன் மடியில் விழுந்தது. கழுகு எழுந்தே நின்றுவிட்டார். டீ மாஸ்டரும் கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்தார், எதற்கு என்று தெரியாமல்.

மணவாளன் மட்டும் போனை வைக்கவில்லை. அவர் முகம் வெளுத்திருந்தது.

"அண்ணே, நான் அப்பவே நம்புன்னு போட்டுட்டேனே. பாஸ்வேர்டும் கொடுத்துட்டேன். ஏதாவது தப்பா?"

தணிகை அவரைப் பார்த்தார். மணவாளன் பெயரில் கதை வெளியே போனால் மணவாளன் தொடரில் இருக்க மாட்டார். கரடிக்காகக் காத்திருக்கும் வேறு தொண்டையும் இருக்காது.

போன் காதிலிருந்து கொஞ்சம் கீழே இறங்கியது.

பிறகு போனை வாயருகே கொண்டுபோனார்.

"குருவே, மணவாளன் கொடுத்துட்டான். முதல்ல அவனை மூடு. சீக்கிரம்."

கீபோர்ட் தட்டும் சத்தம் கேட்டது.

"மூடிட்டேன் சார். மூடின பிறகு அந்தப் பேருல யாரோ ஒரு தடவை கதவைத் தட்டிப் பார்த்திருக்காங்க."

"திறந்துச்சா?"

"இல்ல."

சாலையின் அந்தப் பக்கம், வேப்ப மரத்தடியில், கண்ணாடி ஏற்றிய கார் ஒன்று நின்றிருந்தது. அது கிளம்பிப் போயிற்று. அந்தக் காரில் இருந்தவரின் வேலைதானா, வேறு யாருடையதா என்று கடைசிவரை தெரியவில்லை. ஆனால் அது போன பிறகு டீக்கடையில் கிளிமொழி ஒன்றுதான் இருந்தது.

மணவாளன் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்துகொண்டு தணிகையின் கையைப் பிடித்தார்.

"அண்ணே, நீங்க ஒரு நிமிஷம் சும்மா இருந்திருந்தா நான் போயிருப்பேன். எனக்கு ரெண்டு பிள்ளைங்க அண்ணே."

"நரி நல்லாப் பேசுறே நீ. கரடிதான் கொஞ்சம் சளி. எழுந்து வா."

மேலே இன்டர்காம் அடித்தது.

"நிலோஃபர்? கீழ டீக்கடையில என் குரல் கேட்டுதே. நான் இங்கதானே இருக்கேன்?"

"ஒரே ஒரு கேள்வி சார்" என்றாள் குரு.

மேனேஜர் சரியான பதிலைச் சொன்னார். ப்ளீஸ் சொல்லவில்லை.

எல்லாருக்கும் புதுப் பாஸ்வேர்ட் போட்டு முடிக்க மதியம் ஆகிவிட்டது. ரெக்கார்டிங் அதன் பிறகுதான் தொடங்கியது.

கடைசிக் காட்சி. பனி கொட்டுகிறது. குட்டிக் கரடி கேட்கிறது: "தாத்தா, நீ போயிட்டா நான் கூப்பிட்டா கேக்குமா?"

கரடித் தாத்தா திரும்பிப் பார்க்கிறார்.

"உன் குரல்ல கூப்பிடு. கேக்கும்."

தணிகை அதைப் பேசி முடித்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் இன்ஜினீயர் தலை நிமிரவில்லை. எதையும் ஏழு தடவை பேசச் சொல்லும் டைரக்டர், இன்னொரு தடவை கேட்கவில்லை.

தணிகை ஹெட்போனைக் கழற்றினார். கேன்டீனுக்குப் போனார். அங்கிருந்து நேராக மூன்றாவது மாடிக்கு ஏறினார். கையில் காகிதப் பொட்டலம், அதில் சூடாகக் கீரை வடை.

குரு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குருவே!" என்றது கரடி. "இந்தப் பனிமலை உள்ளவரை உன் உதவியை மறக்க மாட்டேன்!"

குரு திரும்பவில்லை.

"சர்வர் ஏத்துக்கல சார்."

தணிகை மூக்கைச் சுருக்கினார். "நிலோஃபர், நிர்வாகத்தின் சார்பா உனக்கு..."

"ஏத்துக்கல."

"நல்லா இரு என் ராசாத்தி. உன் கைக்குத் தங்க வளையல் போட" என்றது பாட்டி.

குருவின் தோள் சிரிப்பில் குலுங்கியது. ஆனாலும் தலையை ஆட்டினாள்.

கடைசியாகக் குருவின் குரலே வந்தது, ஆம்பூர் இழுவையோடு. "ஆஃப் பண்ணி ஆன் பண்ணினீங்களா?"

"அதைப் பண்ணிப் பாருங்க சார்."

தணிகை வடைப் பொட்டலத்தை மேஜைமேல் வைத்தார். கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. செருமவில்லை. மூக்கைச் சுருக்கவில்லை.

பிறகு ஒரு குரல் வந்தது. சின்னதாக, சற்றே கரகரப்பாக. அந்த ஸ்டுடியோவில் எந்தப் பாத்திரத்துக்கும் யாரும் கேட்டு வாங்காத குரல்.

"நன்றிம்மா. கரடியை நானே வழியனுப்பி வச்சேன்."

குரு நாற்காலியைத் திருப்பி அவரைப் பார்த்தாள்.

"கனெக்ட் ஆயிடுச்சு சார்."